கேட்கும் காது யாரிடம்? நாஞ்சில் நாடும் எஸ்டிஆர் ரேடியோவும்

இந்த எபிசோடில் எஸ்டிஆர் பற்றிப் பேசப் போறோம். சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோ. கம்ப்யூட்டரில் ஒரு சின்ன யுஎஸ்பி குச்சியைச் செருகி, அதோடு ஒரு ஆன்டெனாவை மாட்டி, காத்துல போற சிக்னலையெல்லாம் பிடிச்சுப் பாக்குற பொழுதுபோக்கு. நிறைய பேர் இதை வாங்குறாங்க, ரெண்டு நாள் நோண்டுறாங்க, ஒண்ணும் கேக்கலன்னு மேசை டிராயருக்குள்ள போட்டுடுறாங்க. ஏன் கேக்கலங்கிறதையும் இன்னைக்குப் பாக்கலாம்.

ஆனால் இது வெறும் கருவி விளக்கம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் உட்கார்ந்து இதைச் செய்யும்போது இதற்கு ஒரு வரலாறு சேர்ந்துவிடுகிறது. நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். ரேடியோ வரலாற்றை நாம் எப்பவும் ஒலிபரப்பின் வரலாறாகவே எழுதுகிறோம். எந்த ஆண்டு எந்த நிலையம் வந்தது, எத்தனை கிலோவாட் என்று. கேட்கும் காது யாரிடம் இருந்தது என்பதை எழுதுவதில்லை. குமரிக் கடற்கரையில் அந்த இரண்டாவது கேள்விதான் உயிர்ப் பிரச்சினை.

மூன்று பக்கம் திரும்பிய காது

முதல்ல ஊரைச் சொல்லிடுறேன். நாஞ்சில் நாடு என்றால் வரலாற்றில் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். இப்போ மாவட்டம் முழுவதையும் அப்படிச் சொல்றது வழக்கமாயிட்டு. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பகுதி திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்ஜியத்தோடு இருந்தது. அதனால் இங்குள்ள காதுக்கு முதலில் கிடைத்தது திருவனந்தபுரம். 1943-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் அங்கே வானொலி நிலையம் தொடங்கியது. 1950-ல் அது அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. தமிழ் வேண்டும் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை வானொலி. 1963-ல் திருநெல்வேலி நிலையம் வந்தது. மலையாளம் மேற்கே, இலங்கைத் தமிழ் கிழக்கே, நெல்லைத் தமிழ் வடக்கே. டயலைத் திருப்பினால் மூணு நாடு மாதிரி.

அதுக்கப்புறம் நடந்ததுதான் பலருக்கும் தெரியாத சேதி. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் அகில இந்திய வானொலி ஒரு நிலையம் தொடங்கியது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். மாநிலத்துக்கு ஒன்று, பெரிய நகரத்துக்கு ஒன்று என்று இருந்த அமைப்பில், ஒரு மாவட்டத்துக்காக மட்டும் பேசும் நிலையம் என்ற யோசனையை நாகர்கோவிலில்தான் சோதித்துப் பார்த்தார்கள். இன்றைக்கு 101.0 மெகா ஹெர்ட்ஸில் நீங்கள் கேட்கும் நாகர்கோவில் எஃப்எம் அந்தக் குடும்பம்தான். இந்த 101.0-ஐ ஞாபகம் வச்சுக்குங்க. பின்னாடி குச்சியைச் சரிபார்க்கும்போது இதுதான் நமக்கு முதல் துணை. முதல் எதிரியும் இதுதான்.

டிவி பார்க்கச் செய்த குச்சி

இப்போ எஸ்டிஆர் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். பழைய ரேடியோவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாகம் உண்டு. ஸ்டேஷனைப் பிரிக்க ஒரு சுற்று, ஒலியை எடுக்க ஒரு சுற்று. ஏஎம் ரேடியோவை எஃப்எம் ரேடியோவாக மாற்ற முடியாது, வேறு பெட்டிதான் வாங்கணும். இந்த வேலைகளை எல்லாம் கணக்காக மாற்றிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டால் ஒரே பெட்டி எல்லா ரேடியோவாகவும் ஆகும் என்பதுதான் அடிப்படை. 'சாஃப்ட்வேர் ரேடியோ' என்ற பெயரை 1990-களின் தொடக்கத்தில் பரப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் மிட்டோலா. அப்போது அது பெரும்பாலும் ராணுவ ஆய்வகங்களின் சமாச்சாரம். 2001-ல் எரிக் பிளாசம் தொடங்கிய குனூ ரேடியோ என்ற இலவச மென்பொருள் வந்தபிறகு கணக்குப் பகுதி யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆனது. ஆனால் காற்றிலிருந்து சிக்னலை எடுத்து எண்களாக்கித் தரும் கருவி விலை அதிகமாகவே இருந்தது.

அந்தக் கதவு திறந்தது ஒரு எதிர்பாராத இடத்தில். ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல் 2832யு என்ற சிப், ஐரோப்பா மாதிரி நாடுகளில் கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காகச் செய்த குச்சிகளில் இருந்தது. இந்தக் குச்சி எஃப்எம் வானொலியும் பாடும். 2012 பிப்ரவரியில் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆன்ட்டி பாலோசாரி, இதற்கு லினக்ஸ் டிரைவர் எழுதும் வேலையில் இருந்தபோது ஒன்றைக் கவனித்தார். எஃப்எம் கேட்கும்போது அந்தச் சிப் தானாக ஒலியைப் பிரிப்பதில்லை. காற்றில் பிடித்ததை அப்படியே எண்களாகக் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடுகிறது. மீதி வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அப்படியென்றால் அது எஃப்எம்முக்கு மட்டும் ஏன் இருக்கணும்? ஆஸ்மோகாம் குழுவினர் இதைப் பிடித்துக்கொண்டு டிரைவர் எழுதினார்கள். 20 டாலர் அளவில் விற்ற டிவி குச்சி, சுமார் 24 மெகா ஹெர்ட்ஸ் முதல் 1,700 மெகா ஹெர்ட்ஸுக்கு மேல் வரை கேட்கும் ரேடியோ ஆகிவிட்டது.

இதில் நம்ம ஊருக்கு ஒரு வேடிக்கை இருக்கு. தூர்தர்ஷன் எடுத்துக்கொண்ட டிஜிட்டல் ஒளிபரப்பு முறை இந்தச் சிப்புக்குப் புரியாத அடுத்த தலைமுறை முறை. அதனால் இங்கே அந்தக் குச்சியில் டிவி பார்க்க முடியாது. எதற்காகச் செய்தார்களோ அதற்கு உதவாத பொருள், நமக்குக் காதாக உதவுது.

வானத்திலிருந்து வந்த படம்

குச்சி வாங்கியவர்கள் முதலில் ஓடியது பெரும்பாலும் ஒரு இடத்துக்குத்தான். 137 மெகா ஹெர்ட்ஸ். அமெரிக்காவின் நோவா 15, 18, 19 என்ற மூன்று வானிலை செயற்கைக்கோள்கள் அங்கே ஓயாமல் படம் அனுப்பிக்கொண்டிருந்தன. பூட்டு இல்லை, கட்டணம் இல்லை. இரண்டு கம்பியை 120 டிகிரி கோணத்தில் வி மாதிரி விரித்து, ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டர் சொச்சம் நீளம் வைத்து, மொட்டை மாடியில் கிடையாகப் போட்டால் போதும். செயற்கைக்கோள் கடக்கும் 10, 12 நிமிடத்தில் நொடிக்கு இரண்டு வரியாகப் படம் இறங்கும். இலங்கை தெரியும், மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும், குமரி முனை தெரியும். அதுக்குத் தெற்கே வெறும் கடலும் மேகமும்.

அந்த மூன்றும் இப்போது இல்லை. 2025 ஜூனில் நோவா 18, ஆகஸ்டில் 19-ம் 15-ம் நிறுத்தப்பட்டன. நோவா 15 மேலே போனது 1998-ல். இரண்டு ஆண்டு வேலைக்கு என்று அனுப்பியது 27 ஆண்டு உழைத்தது. இப்போது அதே 137 மெகா ஹெர்ட்ஸில் ரஷ்யாவின் மீட்டியார்-எம் வரிசை டிஜிட்டலாகப் படம் அனுப்புகிறது. படம் இன்னும் தெளிவு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நோவாவில் சிக்னல் மோசமானால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் படம் இருக்கும். டிஜிட்டலில் ஓரளவுக்குக் கீழே போனால் ஒன்றுமே இருக்காது. அதனால்தான் பழுது பார்க்கத் தெரிவது இப்போ முன்னைவிட முக்கியம்.

ஏன் ஒண்ணும் கேக்கல?

சரி, குச்சியைச் செருகியாச்சு, ஒண்ணும் வரல. எங்கே தொடங்கணும்?

முதலில் கம்ப்யூட்டர் அதை எதுவாக நினைக்கிறது என்று பாருங்கள். லினக்ஸ் இன்னும் அதை டிவி குச்சியாகவே நினைத்து, தன் டிவி டிரைவரைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். அதைத் தடுக்கணும். விண்டோஸில் ஜாடிக் என்ற சின்ன நிரலால் டிரைவரை மாற்றணும். 2012-ன் வரலாறு உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளே இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்குன்னு வச்சுக்கலாம்.

அடுத்து 101.0-க்குப் போங்க. நாகர்கோவில் எஃப்எம் கேட்டால் குச்சி, டிரைவர், கேபிள், ஆன்டெனா நாலும் உயிரோடு இருக்கு. கேட்கவில்லை என்றால் செயற்கைக்கோளைத் தேடிப் பயனில்லை. தெரிந்த சிக்னலை முதலில் பிடி, தெரியாததற்குப் பிறகு போ. எந்தப் பழுதுக்கும் இதுதான் முதல் பாடம்.

இப்போ எதிரிப் பகுதி. நீங்கள் நகரத்துக்குள் இருந்தால் அந்த எஃப்எம் சிக்னல் ரொம்ப வலுவாக வரும். இந்தக் குச்சி ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. அதாவது மொத்தம் 256 படிதான். பக்கத்தில் ஒருவர் கத்தும்போது 256 படியும் அவர் சத்தத்துக்கே போய்விடும், தூரத்தில் முணுமுணுப்பவருக்கு ஒரு படிகூட மிஞ்சாது. கேட்கவில்லையே என்று கெயினை முழுசாக ஏற்றுவோம். நிலைமை இன்னும் மோசமாகும். இல்லாத இடத்திலெல்லாம் அதே பாட்டு பேய் மாதிரி கேட்கும். கெயினை இறக்கிப் பாருங்க. அப்படியும் அடங்கலன்னா 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை தடுக்கும் ஃபில்டர் ஒன்று மாட்டணும்.

மூன்றாவது, படிகத்தின் பிழை. மலிவான குச்சியில் அலைவெண்ணைத் தீர்மானிக்கும் படிகம் கொஞ்சம் தள்ளி இருக்கும், சூடானால் இன்னும் நகரும். பத்து லட்சத்தில் 50 பங்கு பிழை என்று வைத்துக்கொள்வோம். 137 மெகா ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 7 கிலோ ஹெர்ட்ஸ் விலகல். 1,575 மெகா ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 79 கிலோ ஹெர்ட்ஸ். மேலே போகப் போக விலகல் பெருகும். குச்சியைச் செருகி 15 நிமிடம் சூடாக விட்டு, பிறகு திருத்தம் கொடுப்பதுதான் முறை.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரிசு. வீட்டு இரைச்சல். எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாமே சின்னச் சின்ன ஒலிபரப்பு நிலையங்கள்தான். திரையில் சிக்னல்கள் அருவி மாதிரி கீழே இறங்குமே, அதைப் பாருங்கள். ஒரே இடைவெளியில் வரிசையாகக் கோடு நின்றால் அது ஏதோ ஒரு சார்ஜர். மெல்ல வளைந்து நகரும் கோடு என்றால் சந்தோஷப்படலாம், அது வேகமாகக் கடந்துபோகும் செயற்கைக்கோள். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். மின்வெட்டு வந்தால் ஊரே சலிச்சுக்கும், ரேடியோக்காரனுக்கு மட்டும் கொண்டாட்டம்.

ஐந்தாவது, நம்ம கடற்கரைக்கே உரியது. உப்புக் காத்து. குளச்சலிலோ மணக்குடியிலோ மாடியில் போட்ட ஆன்டெனாவின் திருகு ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பிடிக்கும். கேபிளின் உள்ளே ஈரம் இறங்கும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், சிக்னல் மட்டும் மாசாமாசம் குறையும். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. இணைப்பை நீர்புகாத டேப்பால் சுற்றுவதும், ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துத் துடைப்பதும் கட்டாயம்.

கவனிச்சீங்களா? அஞ்சுமே ஒரே கேள்விதான். அனுப்பியவனுக்கும் கேட்பவனுக்கும் நடுவில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது? இந்தக் கேள்வியோடு ஒக்கிக்குப் போவோம்.

ஒக்கி: அறுந்த கண்ணிகள்

2017 நவம்பர் 29 காலை. இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அன்று இரவு அது இலங்கையைக் கடந்தது. 30 அதிகாலை குமரிக் கடலுக்குள் வந்தது. அன்று முற்பகலிலேயே புயலாகிவிட்டது. ஒக்கி என்று பெயர் கொடுத்தது வங்கதேசம். வங்காளத்தில் கண் என்று பொருள். தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக அது எடுத்துக்கொண்டது ஏறத்தாழ ஒரு நாள்தான்.

அப்போது நீரோடி முதல் இரையுமன்துறை வரையான தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் எங்கே இருந்தன? இந்த ஊர்க்காரர்கள் சுறாவும் சூரையும் தேடிப் போகிறவர்கள். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கல். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போவார்கள். புயல் உருவாவதற்கு முன்பே போனவர்களுக்கு, கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கையால் பயனில்லை. திரும்பி வா என்பது அவர்கள் காதில் விழணும்.

படகில் இருந்த காது என்ன? விஎச்எஃப் வயர்லெஸ் செட்டு. அந்த அலை நேர்கோட்டில் போகும், கடலின் வளைவு அதை மறைத்துவிடும். ஒரு எளிய கணக்கு போடலாம். ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம். இரண்டு முனைக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டணும். இரண்டு படகிலும் 5 மீட்டர் உயரம் என்றால் 18 கிலோமீட்டர். கரையில் 30 மீட்டர் கம்பம் வைத்தாலும் படகுக்கு 32 கிலோமீட்டர் அளவுதான். செட்டின் வாட் எவ்வளவு என்பது இதற்குப் பிறகுதான் வரும். 500 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சேதி போகணும்னா படகுக்குப் படகு கைமாறித்தான் போகணும். நடுவில் ஒரு படகு இல்லாவிட்டால் சங்கிலி அறுந்தது.

பெரிய கப்பல்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 1999 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகக் கடல் பாதுகாப்பு அமைப்பின்படி, பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்கள் செயற்கைக்கோள் வழியாகவும் நாவ்டெக்ஸ் என்ற கருவி வழியாகவும் எச்சரிக்கையைப் பெற வசதி வைத்திருக்கணும். வடக்கு இந்தியப் பெருங்கடலுக்கு அந்த வானிலை எச்சரிக்கைகளைத் தருவது நம் இந்திய வானிலை ஆய்வுத் துறைதான். சட்டம் காது கொடுத்தது 300 டன்னுக்கு மேலே. தூத்தூர் படகு அந்தக் கணக்கில் வராது. அதே கடல், அதே காற்று. எச்சரிக்கையைக் கேட்கும் கருவி மட்டும் கப்பலின் அளவைப் பார்த்து வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 200 மீனவர்கள் திரும்பி வரவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. எச்சரிக்கை எப்போது வந்தது, யார் தாமதித்தார்கள் என்ற விவாதம் பல மாதம் நடந்தது. அந்த விவாதம் தேவைதான். ஆனால் அது அனுப்பும் முனையைப் பற்றிய விவாதம். இரண்டு நாள் முன்பே எச்சரித்திருந்தாலும், 500 கிலோமீட்டர் தள்ளி இருந்த படகில் அதைப் பெற்றிருக்கும் கருவி எது? வாங்கும் முனையைப் பற்றிய இந்தக் கேள்வி மெல்லத்தான் எழுந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். அந்த நாட்களில் மூன்று நோவா செயற்கைக்கோள்களும் தினமும் இந்தக் கடலின் மேலே கடந்துகொண்டுதான் இருந்தன. ஒரு குச்சி வைத்திருந்தால் மேகச் சுழியைப் பார்த்திருக்கலாம். ஆனால் மேகப் படம் முன்னறிவிப்பு ஆகாது. அதைப் படிக்க அறிவும், கணிக்க மாதிரிகளும், சொல்ல அதிகாரமும் வேண்டும். எஸ்டிஆர் இருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

முட்டத்திலிருந்து வரும் எழுத்துகள்

இப்போ நாவ்டெக்ஸ் கதைக்கு வர்றேன். இது நம்ம மாவட்டத்துக்குள்ளேயே இருக்கு. இந்தியாவில் முதலில் மும்பையிலும் சென்னையிலும் மட்டும்தான் நாவ்டெக்ஸ் இருந்தது. பிறகு கலங்கரை விளக்கத் துறை ஏழு இடங்களில் புதிய சங்கிலி அமைத்தது. வெராவல், வெங்குர்லா, முட்டம், பரங்கிப்பேட்டை, வாகலப்பூடி, பாலசோர், அந்தமான் நிக்கோபாரில் கீட்டிங் முனை. ஆமா, நீங்க சாயங்காலம் பாறையில் உட்கார்ந்து அலை பார்க்கப் போவீங்களே, அதே முட்டம்.

518 கிலோ ஹெர்ட்ஸ். மத்திய அலை வானொலிக்குக் கொஞ்சம் கீழே. இந்த அலைவெண்ணை ஏன் எடுத்தார்கள்? விஎச்எஃப் மாதிரி இது தொடுவானத்தோடு நிற்காது. உப்புத் தண்ணீர் நல்ல கடத்தி, அதன் முதுகைத் தழுவியபடி நூற்றுக்கணக்கான கடல் மைல் போகும். இதில் பேச்சு கிடையாது, எழுத்துதான். இரண்டு ஒலிகளுக்கு நடுவே மாறி மாறி நொடிக்கு 100 துடிப்பு. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை அனுப்பும், நடுவில் சின்ன இடைவெளி விட்டு. இடி மின்னல் ஒன்றை அழித்தாலும் மற்றது பிழைக்கட்டும் என்று. ஒரு நிலையத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட முறை.

இதைக் கேட்கக் குச்சி கொஞ்சம் மாறணும். சாதாரணக் குச்சி 24 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாது. சிப்பின் உள்ளே நேரடியாகச் சிக்னலைக் கொடுக்கும் வசதி உள்ளதோ, அலைவெண்ணை மேலே தூக்கித் தரும் கன்வெர்ட்டர் உள்ளதோ வேண்டும். ஆன்டெனாவுக்கு ஒரு வளையம் போதும். அதைக் கையால் திருப்பினால் வீட்டு இரைச்சல் ஒரு கோணத்தில் அடங்கும். மென்பொருளில் 517 கிலோ ஹெர்ட்ஸில் மேல்பக்கப் பட்டையை வைத்தால் சிக்னல் 1,000 ஹெர்ட்ஸ் கிட்டே வந்து நிற்கும். எஃப்எல்டிஜி மாதிரி ஒரு இலவச நிரலில் நாவ்டெக்ஸைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து ஓட ஆரம்பிக்கும். இசட்-சி-இசட்-சி என்று தொடங்கும், நான்கு 'என்' வந்தால் செய்தி முடிந்தது.

இங்கே இயற்கையே ஒரு பழுது வைத்திருக்கிறது. மின்னலின் இரைச்சல் இந்த மாதிரித் தாழ்ந்த அலைவெண்களில்தான் மோசம். அதாவது வானம் கறுத்து, எச்சரிக்கை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் கேட்பது கஷ்டம். இரண்டு தடவை அனுப்பும் ஏற்பாடு எதற்கு என்பது அப்போது புரியும்.

இன்னொரு பழுதும் உண்டு. அது மொழி. 518-ல் வருவது ஆங்கிலம் மட்டும்தான். உள்ளூர் மொழிக்கென்று 490 கிலோ ஹெர்ட்ஸை உலக அமைப்பு ஒதுக்கியிருக்கிறது. ஆனால் நாவ்டெக்ஸ் எழுத்துமுறையில் ஏழு துடிப்பில் நான்கு ஒரு வகை, மூன்று மற்ற வகை என்று கட்டாயம். அதனால் மொத்தம் 35 சேர்க்கைதான் கிடைக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது போதும். நம்ம 247-ஐ எங்கே உட்கார வைக்க? ஜப்பான் தன் மொழிக்கு 424 கிலோ ஹெர்ட்ஸில் தனி நாவ்டெக்ஸ் நடத்துகிறது. மனசு வைத்தால் வழி உண்டு என்பதற்கு அது சாட்சி. முட்டத்திலிருந்து அலை கிளம்பி வள்ளவிளைப் படகின் தலைக்கு மேலே போகிறது. கருவி இருந்தாலும் அது பேசுவது கச்சான் காற்று, வாடைக் காற்று என்ற மொழியில் இல்லை.

பிறகு வந்த கருவிகள்

ஒக்கிக்குப் பிறகு இந்த இரண்டு பழுதையும் சரிசெய்யும் முயற்சிகள் வந்தன. 2019 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தது. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள் அலையில் எச்சரிக்கையை ஏற்றி அனுப்பி, படகில் உள்ள பெட்டி அதை வாங்கி, ப்ளூடூத்தில் மீனவரின் மொபைலுக்குத் தருகிறது. கரையிலிருந்து எத்தனை தூரம் என்ற தொல்லை இல்லை. மீனவரின் மொழியிலேயே செயலி. ஆனால் ஒருவழிப்பாதை. கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. அடுத்து இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர். ஒரு லட்சம் படகுகளுக்கு அதைப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கினார்கள். கரைக்கு அப்பால் இருந்து ஆபத்து என்று அனுப்பவும் முடியும்.

இந்தக் கருவிகள் வந்துவிட்டன என்பதால் கண்ணிகள் எல்லாம் சரியாகிவிட்டன என்று சொல்ல முடியாது. பெட்டி பேட்டரியோடு இருக்கணும், உப்பு பிடிக்காமல் இருக்கணும், மொபைல் நனையாமல் இருக்கணும், சேதியைப் பார்த்துத் திரும்பினால் டீசல் நஷ்டத்தை யார் தாங்குவது என்ற கேள்விக்கும் பதில் இருக்கணும். கடைசிக் கண்ணி எப்பவும் மனுஷன்தான்.

தொடங்க நினைக்கிறவங்களுக்கு

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதை 1933-லேயே உரிமத்தோடு கட்டினார்கள். இப்போது 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. வானொலி, வானிலைப் படம் மாதிரி பொதுவுக்கு அனுப்புவதைக் கேளுங்கள். அடுத்தவர் பேச்சைப் பிடித்துப் பரப்பாதீங்க. ஒலிபரப்ப ஆசை இருந்தால் அமெச்சூர் உரிமத் தேர்வு எழுதுங்க, 12 வயது முதல் எழுதலாம். இன்னொன்றையும் சொல்லிடுறேன், இந்தக் குச்சி கடலில் உயிர் காக்கும் கருவி இல்லை. அதை நம்பி யாரும் படகேறக் கூடாது.

அப்போ இதனால் என்ன பயன்? எனக்குத் தோன்றுவது இது. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ ஒரு பள்ளி மாணவி 101.0-ல் தொடங்கி, மீட்டியார் படம் இறக்கி, ஒரு இரவு முட்டத்தின் எழுத்துகளைத் திரையில் பார்த்துவிட்டால், எச்சரிக்கை என்பது டிவியில் ஓடும் வரி இல்லை, ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக் கொண்டுவர வேண்டிய பொருள் என்பது அவளுக்குக் கையாலேயே தெரிந்துவிடும். எங்கே அறுந்தது என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும். அடுத்த புயலுக்குப் பிறகு நடக்கும் விவாதத்தில் 'எச்சரித்தோம்' என்று ஒரு அதிகாரி சொன்னால், 'யாருக்குக் கேட்டது, எந்த அலைவெண்ணில், எந்த மொழியில்?' என்று எழுந்து கேட்கும் ஆட்கள் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருப்பார்கள். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி கிடைத்த ஊருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு.

டிராயருக்குள்ள கிடக்கும் குச்சியை எடுத்துத் துடைச்சு வையுங்க. அடுத்த எபிசோடில் அந்த வி வடிவ ஆன்டெனாவை வீட்டில் கிடைக்கும் பொருளை வைத்து எப்படிச் செய்வது என்று பார்க்கலாம்.